நாற்பத்தொன்றாம் நம்பர் பாறை

திண்டுக்கல்லில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தது ஒரு தோல் கிடங்கின் மாடியில். கீழே ஆட்டுத்தோலும் உப்பும். மேலே நாங்களும் கற்களும். முதல் இரண்டு நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் வாடை போய்விட்டது என்று சந்தோஷப்பட்டோம். வாடை போகவில்லை, எங்களுக்குத்தான் பழகிப்போயிருந்தது. ஊருக்குப் போனபோது என் பெட்டியைத் திறந்த அம்மா, அதை அப்படியே தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் நிலவியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். பட்டம் வாங்க ஆளுக்கொரு ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். அதற்கு ஒரு வட்டாரம் முழுவதும் அலைந்து, எங்கே என்ன பாறை இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் படம் போட வேண்டும். பேராசிரியர் திண்டுக்கல் சமவெளியை மூன்று துண்டாக்கிக் கொடுத்தார். தாடிக்கொம்புக்கு மேற்கே எனக்கு. அதை ஒட்டி, ஒட்டன்சத்திரம் சாலைப் பக்கம் தஞ்சாவூர்க்காரனுக்கு. ஆத்தூர்ப் பக்கம் பழனிக்காரனுக்கு. பழனிக்காரன் தனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம்தான் வேண்டும் என்று கெஞ்சினான். "அங்கே போட்டால் நீ பாறையைப் பார்க்க மாட்டாய், வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாய்" என்று பேராசிரியர் மறுத்துவிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

தஞ்சாவூர்க்காரன் வண்டல் மண்ணில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரிக்கு வரும்வரை அம்மிக்கல்லைத் தவிர வேறு கல்லைப் பார்த்ததில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். ஆனால் எங்கள் மூவரில் ஒழுங்காக வேலை செய்தவன் அவன்தான். பழனிக்காரன் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியே அரை நாளைக் கழிப்பான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வேலை நடக்கும்போது யாராவது குறுக்கே பேசினால் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு முறைப்பேன்.

பொங்கல் முடிந்து வந்தோம். காலை ஆறு மணிக்கு வாடகை சைக்கிளில் ஆளுக்கொரு திசையில் கிளம்பினால், பொழுது சாயும்போது மாடிக்குத் திரும்புவோம். கைகால் கழுவியதும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவனும் அன்றைக்குத் தான் செய்த முட்டாள்தனம் ஒன்றை மற்ற இரண்டு பேரிடமும் சொல்லியாக வேண்டும். அதற்குக் கோளாறு சபை என்று பெயர் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் சபைக்குப் பரிசும் உண்டு. கிடங்குக்கார பாய் வெள்ளிதோறும் தன் வீட்டிலிருந்து ஒரு சட்டி குழம்பு அனுப்புவார். அதில் நல்லி எலும்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த வாரத்தின் ஆகப் பெரிய கோளாறு யாருடையதோ, அவனுக்கு எலும்பு.

முதல் எலும்பு தஞ்சாவூர்க்காரனுக்குப் போனது. வெயில் தாங்காமல் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டே இரண்டு நாள் முழுக்கத் திசை பார்த்திருக்கிறான். குடைக்கம்பியின் இரும்பு காம்பஸ் முள்ளை இழுத்ததில், அவன் படத்தில் ஒரு குன்று முழுவதும் வடக்கிலிருந்து கிழக்கே திரும்பி நின்றது. அடுத்த வாரம் பழனிக்காரன். ஆத்தூர் போகும் வழியில் ஆள் உயரப் பாறை ஒன்றை அரை நாள் உட்கார்ந்து அளந்து, சாய்வு பார்த்து, அழகாகப் படத்தில் ஏற்றியிருந்தான். மறுநாள் சந்தேகம் தீர்க்கப் போனால் பாறையைக் காணோம்.

"ரோட்டு வேலைக்குன்னு எங்கிருந்தோ கொண்டாந்து எறக்கி வச்ச கல்லாமா. காலையில லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்கடா" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

கோளாறு சபையில் சொன்னதெல்லாம் சிரிக்கக்கூடிய கோளாறுகள். சிரிக்க முடியாத ஒன்றை யாராவது செய்துவிட்டால் அதை எங்கே சொல்வது என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

வெளியே போகிற இடமெல்லாம் எங்களை நிறுத்தி மூன்று கேள்வி கேட்பார்கள். தங்கம் இருக்கா? ரோடு போடப் போறாங்களா? தண்ணி இருக்கா? தஞ்சாவூர்க்காரன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வான். பழனிக்காரன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தபடி சொல்வான். எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதே கேள்வியைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம். மல்லிகைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், தரையோடு தரையாக ஒரு கரும்பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது நாற்பத்தொன்றாவது இடம். காம்பஸுக்குப் பக்கத்தில் சுத்தியலை வைத்துத் தொலைத்ததால் அளவை மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டிருந்தேன். அளந்த பாறையில் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டு உள்ளே நம்பர் எழுதுவது எங்கள் வழக்கம். பிறகு வந்து சரிபார்க்கும்போது இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 41 என்று எழுதிக்கொண்டிருக்கும்போது, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும்.

"என்ன தம்பி, நம்பர் போடுறீங்க?"

"பாறைக்கு நம்பர்."

"இங்கன தண்ணி இருக்குமா?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கும், இருக்கும்."

"எம்புட்டு ஆழத்துல?"

"ஒரு இருபது அடி."

போய்த் தொலையட்டும் என்றுதான் சொன்னேன். அவள் போகவில்லை. "செத்த இருங்க, வேர்த்து ஊத்துது" என்று குடத்தைச் சாய்த்தாள். நான் இரண்டு கையும் ஏந்தி வயிறு முட்டக் குடித்துவிட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாலையில் போகும்போது அந்தத் தோட்டத்தில் புகை தெரிந்தது. என்னவென்று பார்க்க, தோட்டத்தை ஒட்டியிருந்த ஏரியின் கரைமேல் ஏறினேன். என் பாறையின்மேல் பனையோலையும் விறகும் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு ஆள் தலை மட்டும் தெரிய நின்று, சூடேறி வெடித்த கல்லைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மேலே நின்று கூடையை வாங்கிக் கொட்டினாள். பாதி கரி பிடித்த சிவப்பு வட்டம் கரையிலிருந்தே தெரிந்தது.

அந்த வட்டாரத்திலேயே கிணறு தோண்டக் கூடாத இடம் எது என்று கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். மண்ணே இல்லாமல் பாறை தலை நீட்டியதால்தான் நான் அங்கே உட்கார்ந்தேன். அடியில் போகப் போக இன்னும் கெட்டியான கரும்பாறைதான் இருக்கும். ஓடிப்போய் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சத்தம் போடாமல் கரையிலிருந்து இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சபையில் என் முறை வந்தபோது வேறொன்றைச் சொன்னேன். கல் மாதிரிகளையும் தயிர்சோற்றையும் ஒரே பையில் போட்டு, தயிர் கசிந்து, இருபது கல்லின் காகித அடையாளமும் கரைந்துபோனதை நடித்துக் காட்டினேன். நிஜமாகவே நடந்ததுதான், ஆனால் நாலு நாளைக்கு முந்தியது. இருவரும் கை தட்டினார்கள். எலும்பு எனக்கு வந்தது. சாப்பிட்டேன். வேண்டாம் என்று ஒதுக்கினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒதுக்கவில்லை, உறிஞ்சித் தின்றேன்.

திங்கட்கிழமை தஞ்சாவூர்க்காரன் தன் படத்தை என் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். அடுத்தடுத்த வட்டாரம் என்பதால் அவன் கோடு முடியும் இடத்தில் என் கோடு தொடங்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டும் சேரவில்லை.

"உன் நாற்பத்தொண்ணு எங்கேயோ இடிக்குது. நாளைக்குப் போய்ப் பார்த்துடுவோம்" என்றான்.

"அதை விட்டுடேன்" என்றேன்.

"எப்படி விடறது? அது இல்லேன்னா கோடே நிக்காதே."

மறுநாள் காலை அவனோடு சைக்கிளில் போனேன். பாதி வழியில் என்னால் முடியவில்லை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். இருபது அடி என்று சொன்னதையும், கரையிலிருந்து திரும்பி வந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டினான்.

"ஏண்டா, இதை வச்சுண்டா அன்னிக்கு எலும்பைத் தின்னே?" என்றான்.

அதற்குமேல் அவன் என்னைத் திட்டவே இல்லை. நேராக ஆத்தூர்ப் பக்கம் சைக்கிளை விட்டு, யார் வீட்டிலோ பணியாரம் தின்றுகொண்டிருந்த பழனிக்காரனைக் கிளப்பிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் தோட்டத்துக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அந்தப் பெண்ணின் புருஷன் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். எத்தனை அடி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"எட்டு."

"கீழ என்ன வருதுண்ணே?"

"இதேதான்" என்று கரும்பாறையைக் காட்டினார்.

நான் நின்றபடியே சொன்னேன். இந்த நம்பர் தண்ணீருக்காகப் போட்டதில்லை, எங்கள் படிப்புக்காகப் போட்டது, இந்தப் பாறையில் நூறு அடி போனாலும் தண்ணீர் வராமல் போகலாம் என்றேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"இருவது அடின்னீங்களே தம்பி?"

"சும்மா சொன்னேன்க்கா."

"சும்மாவா?"

அவள் சத்தம் போடாமல்தான் பேசினாள், அதனால்தான் தாங்க முடியவில்லை. "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் பாட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்ல? தெரியலைன்னா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போயிரும்? எட்டு நாளா இந்த மனுசன் தீயில நிக்கிறாரு. கையைப் பாருங்க."

பழனிக்காரன் குறுக்கே புகுந்தான். "ஏனுங்க அக்கா, இவனை நீங்க நாலு சாத்து சாத்துனாலும் நாங்க தடுக்க மாட்டோமுங்க." அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் மற்ற விஷயம் தெரிந்தது. போன கோடையில் அவர்கள் பழைய கிணறு வற்றிவிட்டது. மல்லிகைச் செடி வைத்து மூன்றாவது வருஷம், இப்போதுதான் பூக்கிற பருவம். அரை மைல் தள்ளி ஒருவர் தன் கிணற்றில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அங்கிருந்து அவள் குடம் குடமாகச் சுமந்து அரை ஏக்கர் செடிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவருடைய கிணறும் சித்திரை வரைதான் தாங்கும். அதற்குள் இங்கே தண்ணீர் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் செடி போய்விடும். அன்று நான் வயிறு முட்டக் குடித்ததும் முகம் கழுவியதும் அப்படிச் சுமந்து வந்த தண்ணீரில்தான்.

எங்களுக்கு ஊர் திரும்பப் பத்து நாள்தான் பாக்கி இருந்தது. மூவருக்குமே படம் முடியவில்லை. ஆனாலும் தஞ்சாவூர்க்காரன், "நம்ம வேலை கிடக்கட்டும். எங்கே தோண்டலாம்னு பார்ப்போம்" என்றான். பழனிக்காரன் ஏற்கனவே சட்டையைக் கழற்றிவிட்டு, பள்ளத்துக்குள் இறங்கிப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு பேரும் என்னை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.

மூன்று நாள் சுற்றினோம். அக்கம்பக்கத்தில் இருந்த கிணறு ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தோம். எது வற்றும், எது வற்றாது, வெட்டும்போது எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று விசாரித்தோம். இதில் பழனிக்காரனை அடிக்க ஆள் இல்லை. நாங்கள் கேட்டால் ஒரு வார்த்தை சொல்கிறவர்கள் அவனிடம் வீட்டுக் கல்யாணம் வரைக்கும் சொன்னார்கள். தஞ்சாவூர்க்காரன் எல்லாவற்றையும் படத்தில் புள்ளி வைத்தான். என் நோட்டில் இருந்த பாறைச் சாய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. கோடையிலும் தண்ணீர் நிற்கும் மூன்று கிணறுகள் ஒரே நேர்கோட்டில் இருந்தன. பாறை விரிசல் விட்டு உளுத்துப்போன ஒரு பட்டை அந்தக் கோட்டில் ஓடுகிறது என்று தோன்றியது. அந்தக் கோட்டை நீட்டினால் அது அவர்கள் தோட்டத்தின் தாழ்ந்த மூலையைத் தொட்டுக்கொண்டு போனது.

மூலையில் ஒரு குச்சியை நட்டோம். புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். தஞ்சாவூர்க்காரன் படத்தை விரித்து விளக்கினான். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க தம்பி. இங்கன தண்ணி இருக்குமா?"

இருக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவளுக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

"தெரியலக்கா" என்றேன். "இருக்கலாம். பாறை அங்க மாதிரி கெட்டியா இருக்காது. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, "சரி, போடுவோம்" என்றார். அந்த மூன்று நாளில் அவர் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான்.

அவரோடு நாங்களும் ஒரு நாள் தோண்டினோம். இடுப்பளவு செம்மண், அதற்கடியில் சரளை, அதற்கும் அடியில் கடப்பாரை போட்டால் பொலபொலவென்று உதிரும் சுக்காம்பாறை. தஞ்சாவூர்க்காரன் கையில் கொப்புளம் வந்து, அதைப் பெருமையோடு எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். ஆறடி போவதற்குள் எங்கள் கெடு முடிந்தது. கல் மூட்டைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்று எழுதிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வைகாசியில் பேராசிரியர் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு இடங்களைச் சரிபார்த்துவிட்டு வரச் சொன்னார். தனியாக வந்தேன். அந்தத் தோட்டத்து வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனேன். வரவில்லை என்றால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஏரியின் மறுபக்கத்தில் வைத்தே பிடித்துவிட்டாள்.

"ஏ தம்பி! எங்கிட்டுச் சுத்திக்கிட்டுப் போறீங்க? வாங்க இங்கிட்டு!"

இருபத்தாறு அடியில் தண்ணீர் வந்திருந்தது. அமோகம் என்று சொல்ல முடியாது. காலையில் இறைத்தால் வற்றிவிடும், சாயங்காலத்துக்குள் மறுபடி ஊறிவிடும். குடித்துப் பார்த்தேன், லேசாக உப்புக் கரித்தது. செடியில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துபோயிருந்தது. என்னால் வீணான நாட்களில் தண்ணீர் கிடைக்காமல் போன செடிகள் அவை. அவள் அதைச் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. மீதிச் செடிகளில் மொட்டுக் கட்டியிருந்தது. அவள் புருஷன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பூ எடுப்பதைத் தொடர்ந்தார்.

கிணற்று மேட்டில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரை மைல் தள்ளித் தன் கிணற்றிலிருந்து இவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். இந்தக் கோடையில் அவருடைய கிணறும் சேறாகிவிட்டதாம். புதுசாக ஒன்று வெட்ட வேண்டும், இடம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

"என்னை எதுக்குங்கய்யா கேக்குறீங்க? இந்தப் பக்கம் தண்ணி பாக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே" என்றேன்.

அவர் அவளைக் கைகாட்டினார்.

"நான் அப்பவே ஆள் கூப்பிடப் போனேன். இந்தப் புள்ளதான் நிறுத்தி வச்சிருச்சு. அந்தத் தம்பி வரட்டும், தெரிஞ்சாத் தெரியும்னு சொல்லும், தெரியாட்டித் தெரியலைன்னு சொல்லும்னுச்சு. ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டிருக்கேன் அப்பு."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மடியில் பூவைக் கட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போயிருந்தாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.